விழாவும் அயலும்

பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, கல்லூரியின் புகழ் கூறும் பணியை என்னினும் வல்லார் பலர் செய்வரென்னும் துணிவினால், யான் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். விழா மலரிலே விழாவின் இரைச்சலைப் பற்றி எழுதுவது கலியாண வீட்டிலே செத்தவீட்டுக் கதை பேசுவதை ஒக்கும் என்று என் மனைவியார் கூறினார். அவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இப்பொருள் என் மனத்திற் சில ஆண்டுகளாகக் கிடந்து உறுத்துவது. அதன் காரணத்தை முதலிற் கூறிவிடுதல் நேர்மை.

தீவுப்பகுதியிலே யான் முன்னர்க் கற்பித்த பாடசாலையொன்றிற் கட்டட நிதிக்காக மூன்று நாட் களியாட்ட விழா நடத்தினோம். சுழல் இராட்டினம், வளையம் எறிதல், அதிர்ஷ்டச் சீட்டு, உணவுக் கடைகள், இரவில் இசைக்கோஷ்டி எனச் சிறியோரும் பெரியோரும் மகிழ வேண்டியன யாவும் இருந்தன. மின்பிறப்பாக்கியை நிறுத்த வேறிடம் காணாமற் பின்மதிலோரம் நிறுத்தினோம். மதிலுக்கு அப்பால் ஒரு வீடு. இரண்டாம் நாள் இரவு பதினொரு மணியளவில் அவ்வீட்டு மூதாட்டியார் கைவிளக்குடன் வாயிலில் வந்து நின்றார்.

“தம்பி, எங்கட மனிசன் வருத்தக்காரன். நேற்றும் நித்திரையில்லை. இந்த மிசினைக் கொஞ்சம் அங்காலை தள்ளி வைக்க ஏலாதோ?”

“நாளையோடை முடிஞ்சிடும் ஆச்சி,” என்றேன்.

அவர் மறுமொழி கூறாது திரும்பிச் சென்றார். அடுத்த கிழமை அவ்வழியே சைக்கிளிற் சென்ற என்னை மறித்து, “விழாவிலை எவ்வளவு சேர்ந்தது தம்பி?” என்று வினவினார். தொகையைச் சொன்னேன். “நல்லது” என்றார். அவர் வைதிருந்தால் யான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

யான் களிப்பை வெறுப்பவனல்லேன். திருவிழாவென்றால் முதலில் நினைவுக்கு வருவன கச்சான் கடையும், காப்புக் கடையும், மரக்குதிரை கட்டிய இராட்டினமுமே. சுவாமி வெளிவீதி வருவது அதற்குப் பின்னர்தான். இதனை என் மாணவர் அறியவேண்டுவதில்லை! 1990 இலும் 1991 இலும் தீவுப்பகுதி மக்கள் பெரும்பான்மையோர் ஊரை விட்டுப் பெயர்ந்தபொழுது யான் சிறுவன். அதற்குப் பின் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்த வீடுகளும், விளக்கெரியாத கோவில்களும் எங்கள் தலைமுறையாருக்குப் பழகிய காட்சிகள். அக்காலத்தில் வானிலும் நிலத்திலும் எழுந்த பேரொலிகள் எவையென்று கூறவேண்டுவதில்லை. அவை ஓய்ந்தபின் வந்த அமைதியும் இனிதாய் இருக்கவில்லை. ஆளில்லாத ஊரின் அமைதி அது. மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பியபொழுது கோவில் மணியொலி கேட்டுக் கண்ணீர் விட்டவர் உளர். ஆகவே ஒலியென்பது எமக்கு ஊர் உயிரோடிருக்கின்றதென்பதற்குச் சான்றாயிற்று. கடல் கடந்து வாழும் உறவினர் பெருந்தொகை அனுப்பித் திருவிழா நாள்தோறும் ஒலிபெருக்கி கட்டுவிப்பதன் அடியிலே இவ்வேக்கம் கிடக்கின்றது. இதனை உணராது இரைச்சலைக் கண்டிப்போர் பாதியையே கண்டவராவர்.

மற்றப் பாதி மதிலுக்கு அப்பால் உள்ளது.

தீவுகளின் இயல்பு ஒலியைத் தடுப்பதன்று. மலையில்லை, மேடில்லை, பெருங்காடில்லை. பனைகள் ஒன்றுக்கொன்று எட்ட நிற்பன. நீர்ப்பரப்போ ஒலிக்கு வழிவிடுவது. இரவில் நீரையொட்டிய காற்றுக் குளிர்ந்து மேற்காற்று வெம்மையாய் இருக்குமாயின், மேலே எழும் ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்குமென்பது பௌதிக ஆசிரியரைக் கேட்பின் விளங்கும். பகலில் அரைமைலிற் கரையும் பாட்டு இரவில் அடுத்த தீவிற் சொல் பிசகாது கேட்பதன் காரணம் அதுவே. இன்னொன்று: நம்மவர் பெருந்திருவிழாக்கள் பல ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வருவன, அவை சோழகக் காற்றின் மாதங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, கோவிலுக்கு வடகிழக்கே உள்ள குடிகளின் காதிலே ஒலியை அள்ளிக் கொட்டுகின்றது; தென்மேற்கிலுள்ளாரோ அமைதியாக உறங்குவர். கோவிலை நிருவகிப்போர் வீடுகள் எத்திசையில் உள்ளனவென்று ஆராய்தல் சுவையான ஆராய்ச்சியாகும். யான் அதிற் புகவில்லை.

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லவியலாது. 1996 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பரப்புகளில் ஒலி பகலில் 55 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் மேற்படலாகாது. பாடசாலை, வைத்தியசாலை, நூலகம், நீதிமன்றம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். அங்கே பகலிலும் 50 தான். பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகுமென்பதை நினைவிற் கொண்டால், முன்னால் நிற்போரது நெஞ்சு அதிர எட்டுப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் நம் வழக்கம் இவ்வெல்லைக்கு எத்துணைத் தொலைவிலுள்ளதென்பது புலப்படும். 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகமைப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கிலே, எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக ஒரு கட்டளை தந்தது. இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதியில்லை. மற்ற வேளையிலும் ஒலி அவ்விடத்தின் எல்லைக்குள் அடங்குதல் வேண்டும். சிறப்பு விழாக்களுக்கு அளவோடு அனுமதி தரலாம். கேட்க விரும்பாதவரை வலிந்து கேட்பிக்கும் உரிமை எவர்க்கும் இல்லையென்பதே அதன் சாரம். இந்திய உயர் நீதிமன்றமும் 2005 இல் இதே இரவு எல்லையை வற்புறுத்திற்று.

இவ்வளவும் இருக்க, முறைப்பாடு செய்வார் யார்? கோவில் நிருவாக சபைத் தலைவர் பெரியப்பா முறை, பொருளாளர் மைத்துனர், ஒலிபெருக்கி கட்டுகிறவன் தன்னிடம் படித்த பையன். இவர்கள்மேற் பொலிசுக்குப் போகிறவன் அடுத்த வருடம் எந்த முகத்தோடு அர்ச்சனைத் தட்டை நீட்டுவான்? தெய்வ குற்றமென்னும் அச்சம் வேறு. க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காதிற் பஞ்சை அடைத்துக்கொண்டு படிப்பதை யான் கண்டிருக்கின்றேன். அவர்களின் பெற்றோரே அவ்விரவின் திருவிழா உபயகாரராய் இருந்ததும் உண்டு. ஆறுமுக நாவலர் ஆலயங்களிற் சின்னமேள ஆட்டத்தைக் கண்டித்தபொழுது, அவரைச் சமயத்தின் பகைவரென்று இன்று எவரும் சொல்வதில்லை. திருவிழாவைத் திருத்தப் புகுதல் நமக்குப் புதிதன்று என்பதற்காக இதனைக் கூறினேன்.

இனிப் போக்குவரவு. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதைப் படகு உண்டெனினும், வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வண்டிகள் செல்லும் தரைவழி பண்ணை ஒன்றே. பண்ணை கடந்து, அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் வேலணையும் தாண்டி, கடல் நடுவேயுள்ள பாலத்தால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் அவ்வீதி முடிகின்றது. 2009 இல் போர் முடிந்தபின் தென்னிலங்கையிலிருந்து நாகவிகாரைக்கும் நாகபூஷணி அம்மன் கோவிலுக்கும் வருவோர் தொகை பெருகிற்று. வருக, அவர்களால் இளநீர் விற்பவனும் படகோட்டியும் பிழைக்கின்றனர். இறங்குதுறையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒருவர், “சனம் வராட்டி நான் என்ன செய்யிறது மாஸ்ரர்?” என்று என்னை மடக்கினார். அவர்க்கு விடை கூற என்னால் இயலவில்லை.

ஆனால் படகிலே இடம் அளவுடையது. நயினாதீவுக்காரரும் நெடுந்தீவுக்காரரும் படகை உல்லாசத்துக்கு ஏறுவதில்லை. அது அவர்களின் வீதி. நெடுந்தீவின் குதிரைகளையும் கோட்டையையும் பெருக்க மரத்தையும் காண வருவோர் காலைப் படகை நிறைத்துவிட்டால், யாழ்ப்பாணத்திற் கிளினிக்குக்குச் சென்று மருந்து வாங்கி மீளும் நெடுந்தீவுக் கிழவனார் துறையிலே நிற்கவேண்டியதுதான். சோழகக் காலத்துக் கடலில் ஒரு படகைத் தவறவிட்டவர்க்கு அடுத்த படகு உறுதியன்று. குதிரை பார்க்க வந்தவர் ஒரு நாள் பிந்திப் பார்த்தாற் குதிரை ஓடிவிடாது. ஆதலாற் காலையும் மாலையும் ஊரவர்க்கென்று இருக்கை ஒதுக்கி, எஞ்சியதை ஏனையோர்க்குக் கொடுத்தல் வேண்டுமென்பது என் துணிபு. ஊரவரை முன்னே ஏற்றுவது விருந்தோம்பலுக்கு இழுக்கென்று சொல்வோர் அத்துறையில் ஒரு நாள் வெயிலில் நின்று பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் இவ்வேளையில் எடுத்துரைப்பதற்குக் காரணம் மண்டைதீவு. பண்ணை கடந்து தீவுப்பகுதிக்குட் புகுவார்க்கு முதலிற் பிரியும் ஊர் அது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி அங்கே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்பதாயிரம் பேர் இருந்து பார்க்கத்தக்க அரங்காக அது திட்டமிடப்பட்டது. சூழலியலாளர் ஈரநிலமும் கண்டலும் பறவைகளும் பற்றிக் கவலை தெரிவித்தனர். அது தனிப்பொருள், அறிந்தார் எழுதுக. துடுப்பாட்டத்தைக் கல்லூரியின் இரண்டாவது சமயமாகக் கொண்ட நாம் இச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோம். யானும் மகிழ்ந்தேன். பின்னர்க் கணக்கொன்று போட்டேன். நாற்பதாயிரம் பேர் பேருந்துக்கு ஐம்பதின்மராக வரினும் எண்ணூறு பேருந்துகள். ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தினாற் பன்னிரண்டு கிலோமீற்றர். மோட்டார் வண்டியும் மோட்டார்ச் சைக்கிளும் இக்கணக்கிற் சேரவில்லை. இருபது ஓவர் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில் நிகழ்வன. அவை முடிந்து சனம் கலையும் வேளையில், வேலணையிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ பிரசவ வேதனையோடு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வரும் பெண்ணின் வண்டி பண்ணையில் எவ்விடத்தே நிற்கும்? 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி, பண்ணைக்கு இப்பாலுள்ள முற்றவெளியில், பாடகர் ஹரிஹரன் வந்த இசைநிகழ்ச்சியிற் கூட்டம் தடைகளைத் தகர்த்துப் பாய்ந்து நிகழ்ச்சி குழம்பியதை நாமெல்லாரும் அறிவோம். அது ஓரிரவு.

மைதானம் வேண்டாவென்று யான் கூறவில்லை. கட்டுமுன் கேட்கவேண்டியவற்றைக் கட்டியபின் கேட்பது வீண் என்றே கூறுகின்றேன். அதற்குப் பிறநாட்டார் பட்டறிவு சான்று. இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையிற் கிறிமோர்ன் என்னும் களியாட்டப் பூங்கா ஒன்று இருந்தது. வாணவேடிக்கை, நடனம், பலூன் ஏற்றம் எனப் புகழ்பெற்ற அப்பூங்கா, அயலார் ஓயாது முறையிட்டு வந்தமையால் 1877 இல் மூடப்பட்டது. பூங்காவும் இழந்தது, அதுவரை அயலாரும் உறக்கம் இழந்தனர். அதே நாட்டில் ஸ்ரபோட்ஷயரிலே அல்ரன் ரவர்ஸ் என்னும் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இன்றும் உளது. மரங்களின் தலைக்கு மேல் எந்தப் பொறியும் உயரலாகாதென்னும் கட்டுப்பாடு அதற்கு உண்டு. ஆகவே 1994 இல் திறந்த ஒரு பெருஞ்சறுக்குப் பொறியைப் பாறையை உடைத்துப் பள்ளம் தோண்டி அதற்குள் அமைத்தனர். அப்பள்ளமே பின்னர் அப்பொறிக்குப் பெருமையாயிற்று! ஆனால் உயரத்துக்கு இருந்த கவனம் ஒலிக்கு இருக்கவில்லை போலும். அயற்கிராமத் தம்பதியர் தொடுத்த வழக்கில், பொறிகளின் இரைச்சலும் ஏறினோரின் கூக்குரலும் வாணவேடிக்கையும் தொல்லையே என்று 2004 இல் ஸ்ரபோட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு 2007 வரை மேன்மேலும் சென்றது. பணமும் ஆண்டுகளும் உள்ளோர்க்கு அவ்வழி. மண்டைதீவுக் கடற்றொழிலாளி இரவு வலைக்குப் போவானா, நீதிமன்றுக்குப் போவானா?

நம் பழைய நூலொன்றில் இதற்கு வேறு வழி காணப்படுகின்றது. மணிமேகலையின் முதற் காதை விழாவறை காதை. இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திரவிழாவுக்கு முன்னர் யானைமேல் முரசேற்றி, புகார் நகரத்தார்க்கு அதனை அறிவிக்கின்றான் வள்ளுவன். தோரணம் கட்டுக, புதுமணல் பரப்புக என்பதோடு அவன் நிறுத்தவில்லை. பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்றும் சொல்கின்றான். கூட்டம் கூடினாற் கலகம் வருமென்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். அக்காப்பியத்து மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்ளும் அறிஞர் உளர். அதனை நிறுவ யான் இங்கு முயலவில்லை. விழாவை அறைதல் என்றால் ஊரைச் செவிடாக்குதல் என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். முன்னரே வீட்டு வாயிலிற் சென்று, இத்தனை நாள், இத்தனை மணி வரை, இன்ன இடத்தில் என்று சொல்லுதலே அதன் பொருள்.

வெளிநாடுகளிலுள்ள நம் பழைய மாணவரை இவ்விடத்தில் ஒன்று கேட்க விரும்புகின்றேன். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் தேரோட்டுமுன் நகரசபையிடமும் பொலிசாரிடமும் எழுதி அனுமதி பெறுகின்றீர்கள். குறித்த மணிக்கு மேளத்தை நிறுத்துகின்றீர்கள். வாகனம் நிறுத்துமிடத்தை அயலார்க்கு இடைஞ்சலின்றி ஒழுங்கு செய்கின்றீர்கள். அதே கையால் நீங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்திலே, விடியும்வரை கோஷ்டி பாடுகின்றது. அங்கே அயலாரான வெள்ளையர்க்குக் கொடுக்கும் மதிப்பை இங்கே அயலாரான உங்கள் சின்னம்மாவுக்குக் கொடுக்க வேண்டாமா? பணம் அனுப்புவோர் சொல்லுக்கு ஊரில் உள்ள மதிப்பைச் சட்டத்துக்கு இல்லாமற் செய்தவர்களும் நாமே. ஆகவே, “பத்து மணிக்கு நிறுத்தினால் மட்டுமே உபயம்” என்று ஒரு வரி எழுதியனுப்புங்கள். பொலிசு செய்யாததை அவ்வரி செய்யும்.

உபதேசம் பிறர்க்கு மட்டுமன்று. யூபிலி விழாக் குழுவில் யானும் ஓர் உறுப்பினன். மூன்று நாளும் இரவு நிகழ்ச்சிகள் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, மின்பிறப்பாக்கியும் உண்டு. அதனை மைதானத்தின் நடுவே நிறுத்துவதென்றும், பத்து மணிக்கு யாவும் ஓய்வதென்றும் குழுவில் ஒருவாறு ஒப்புக்கொள்ளச் செய்தேன். ஒருவர் மட்டும், “மாஸ்ரருக்கு வயசு போட்டுது” என்றார். கடந்த ஞாயிற்றுக்கிழமை இரு மாணவரை அழைத்துக்கொண்டு, மேற்கு மதிலை அடுத்துள்ள பதினொரு வீடுகளுக்கும் சென்று நிகழ்ச்சிநிரலைக் கொடுத்தேன். ஒரு வீட்டில் மூன்றாம் மாதத்துக் கைக்குழந்தை. அவ்வீட்டின் பக்கம் பெட்டியைத் திருப்புவதில்லையென்று வாக்களித்தேன். இரண்டு வீடுகளில் ஆளில்லை. கடைசி வீட்டு முதியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து நிகழ்ச்சிநிரலை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

“மூண்டாம் நாள் மேளக்கச்சேரி ஆர் மாஸ்ரர்?” என்று கேட்டார். வித்துவானின் பெயரைச் சொன்னேன்.

“அதை மட்டும் கொஞ்சம் பலமாய் விடுங்கோ.”